மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது: வலிப்பு மருந்துகளும் கண்ணும்

உங்கள் மகளுக்கு 22 வயது. நான்கு ஆண்டுகளாக வலிப்புக்குக் கார்பமசெபின் சாப்பிடுகிறாள். இரண்டு வாரத்துக்கு முன் மருத்துவர் அளவைக் கூட்டியிருக்கிறார். அதிலிருந்து காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டால், பத்து மணிக்கு மேல் பஸ்ஸின் எண் பலகை இரண்டாகத் தெரிகிறது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் சரியாகிவிடுகிறது. கண்ணாடிக் கடையில் பவர் எதுவும் இல்லை என்றார்கள். உறவினர் ஒருவரோ, "ஃபிட்ஸ் மாத்திரை கண்ணையே குருடாக்கிவிடும், உடனே நிறுத்துங்கள்" என்கிறார். இது உண்மையா, வேறு மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக, நினைவு திரும்பாமலேயே தொடர்ந்து வரக்கூடும். அது உயிரையே எடுக்கக்கூடியது. உறவினர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது வேறொரு மருந்தைப் பற்றி எங்கோ கேள்விப்பட்ட செய்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மருந்தைப் பற்றியும் கீழே எழுதுகிறேன்.

கண்ணும் நரம்பும் சேரும் பிரிவில் வேலை செய்கிறவன் நான். வலிப்பு மருந்து சாப்பிடுகிற ஒருவர் கண்ணில் கோளாறு என்று வந்து உட்கார்ந்தால், நான் விளக்கைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்பது நேரத்தைத்தான். மருந்து தொடங்கி எத்தனை நாள்? மாத்திரை விழுங்கி எத்தனை மணி நேரத்தில் வருகிறது? எப்போது போகிறது? நீங்கள் இந்த மூன்றையும் நான் கேட்காமலேயே எழுதிவிட்டீர்கள். அதனால்தான் பதில் சொல்ல முடிகிறது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டும் ஒரே இழுப்பில் சேர்ந்து நகர்ந்தால்தான் இரண்டு கண்ணின் படங்களும் ஒன்றாகப் பொருந்தும். அதற்கான கட்டளை மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் உள்ள நரம்பணுக்களிலிருந்து ஓயாமல், மிக வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கார்பமசெபின் செய்கிற வேலையோ, அளவு மீறி வேகமாகத் துடிக்கிற நரம்பணுக்களில் சோடியம் உள்ளே நுழைகிற வாயில்களை அடைத்து அவற்றை நிதானப்படுத்துவது. வலிப்பு அப்படித்தான் அடங்குகிறது. இரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு ஏறும்போது, கண்ணை நேராகப் பிடித்து வைத்திருக்கிற அணுக்களும் சற்று மந்தமாகிவிடுகின்றன. இரண்டு கண்ணும் ஒரு மயிரிழை விலகினால் போதும், எண் பலகை இரண்டாகிவிடும். மருந்தின் அளவு இறங்கியதும் கண்கள் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. கண்ணுக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை. சிறு வயதிலிருந்தே மறைந்திருக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வெளிப்படும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டாகத் தெரிகிற அந்த நேரத்தில் மகளை ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் படம் ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்களும் ஒத்துப்போகாததுதான் காரணம். மருந்தின் மேல் சந்தேகப்படுவது நியாயம். ஒரு கண்ணால் பார்க்கும்போதும் நிழல்போல இரண்டாகத் தெரிந்தால், காரணம் அந்தக் கண்ணிலேயே இருக்கிறது. பார்வைக் குறையோ, கண்புரையோ, கண் வறட்சியோ இருக்கலாம். அப்போது மாத்திரையைக் குற்றம் சொல்லக் கூடாது.

மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் நரம்பியல் மருத்துவரின் கையில் பல வழிகள் இருக்கின்றன. நாளின் மொத்த அளவை மாற்றாமலேயே இரண்டு வேளையை மூன்றாகப் பிரிக்கலாம். மெதுவாகக் கரையும் சி.ஆர். வகைக்கு மாற்றலாம், அது உச்சியைத் தட்டையாக்கிவிடும். இரவு அளவைக் கூட்டிக் காலை அளவைக் குறைக்கலாம். ஏற்கெனவே சி.ஆர்.தான் சாப்பிடுகிறாள் என்றால் அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் சி.ஆருக்குப் பதில் சாதாரண மாத்திரையைக் கொடுத்துவிடுவது நடக்கக்கூடியது, பெயர் ஒன்றுதானே என்று யாரும் கவனிப்பதில்லை. சி.ஆர். மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாலும் அதே விளைவுதான்.

அளவு கூட்டிய அந்த வாரத்தில் வேறு ஏதாவது மருந்து சேர்ந்ததா என்றும் யோசியுங்கள். தொண்டை வலிக்கோ சளிக்கோ எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் கொடுத்திருந்தால், அவை கல்லீரலில் கார்பமசெபின் கரைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைக் கணிசமாக ஏற்றிவிடும். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைப் புதிதாகச் சேர்த்திருந்தால் கதை வேறு. இரண்டுமே சோடிய வாயிலை அடைக்கிற மருந்துகள். இரத்தப் பரிசோதனையில் இரண்டின் அளவும் சரியாக இருக்கும்போதே, சேர்ந்து சாப்பிடுவதால் இரட்டைப் பார்வையும் தலைசுற்றலும் வரும். அப்போது பெரும்பாலும் கார்பமசெபினைச் சற்றுக் குறைத்தாலே தீர்ந்துவிடும். ஆக்ஸ்கார்பசெபின், லாக்கோசமைடு இவையும் இதே குடும்பத்து வேலையைச் செய்பவை. இதே தொல்லையைக் கொடுப்பவை.

ஃபெனிடாயின் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். எப்டாயின் என்ற பெயரில் நம் ஊரில் எண்ணற்றோர் சாப்பிடுகிற மருந்து அது. 1938ல் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கி இன்றும் நிலைத்து நிற்கிறது, விலையும் குறைவு. அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஓர் அளவு வரைக்கும் கல்லீரல் அதைச் சமாளித்துக் கரைக்கும். அதைத் தாண்டினால் கல்லீரலின் கை நிரம்பிவிடும். பிறகு கொடுக்கிற ஒவ்வொரு மில்லிகிராமும் இரத்தத்தில் தேங்கும். நாளுக்கு 300 மில்லிகிராமில் நன்றாக இருந்தவருக்கு 400 ஆக்கினால், மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் ஏறாமல் இரத்த அளவு இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ போகலாம். அதை முதலில் காட்டிக்கொடுப்பது கண். பக்கவாட்டில் ஒரு விரலைப் பார்க்கச் சொன்னால் விழிகள் ஒரே இடத்தில் நிற்காமல் துள்ளித் துள்ளி ஆடும். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பது வழக்கமான அளவு. 20ஐத் தாண்டினால் விழி ஆட்டம், 30ஐத் தாண்டினால் நடையில் தள்ளாட்டம், 40ஐத் தாண்டினால் குழப்பமும் மயக்கமும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனாலும் இந்தப் படிக்கட்டு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. உடல் மெலிந்து இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடம் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அவர்களுக்கு அறிக்கையில் அளவு சரியாகத் தெரியும், விழியோ ஆடிக்கொண்டிருக்கும். அப்போது அறிக்கையைவிட விழியை நம்புகிறவன் நான்.

காசநோய் மருந்து சாப்பிடத் தொடங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஐசோனியசிட் ஃபெனிடாயினை ஏற்றும்; கூடவே கொடுக்கிற ரிஃபாம்பிசின் அதை இறக்கும். ஒருவரிடம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். படர்தாமரைக்குத் தருகிற ஃப்ளூகோனசோலும் ஏற்றக்கூடியது. ஆகவே எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் ஃபிட்ஸ் மாத்திரையின் அட்டை பையில் இருக்கட்டும். வலிப்பு என்பதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதால் எத்தனை பேர் இப்படிச் சிக்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி, "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்ற என் பேச்சுக்கே விலக்கான இரண்டு நிலைமைகள்.

ஒன்று, டோபிரமேட். இது வலிப்புக்கு மட்டுமல்ல, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் நிறையக் கொடுக்கப்படுகிறது. அதனால் வாழ்நாளில் ஒரு வலிப்பும் வராதவர்களும் இதைச் சாப்பிடுகிறார்கள். அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள், ஏறக்குறைய எப்போதும் முதல் மாதத்துக்குள், கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கி நிற்கிற சிலியரி பகுதியில் நீர் கோத்து வீங்கும். வீக்கம் பின்னாலிருந்து லென்ஸையும் கருந்திரையையும் (ஐரிஸ்) முன்னுக்குத் தள்ளும். லென்ஸ் முன்னே வந்ததும் தூரப்பார்வை மங்கும். நேற்றுவரை கண்ணாடி போடாதவருக்கு ஒரே இரவில் மைனஸ் 4, 5 என்று பவர் காட்டும். மேலும் தள்ளினால் கண்ணிலிருந்து நீர் வடிகிற மூலை அடைபட்டு அழுத்தம் எகிறும். கண் சிவந்து, தலை வெடிப்பதுபோல வலித்து, வாந்தி வரும். இரண்டு கண்ணிலும் ஒன்றாக வரும். 2001லேயே அமெரிக்காவில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. இருந்தும் இன்றுவரை இது தவறவிடப்படுகிறது.

ஏன் தவறுகிறது? ஒற்றைத் தலைவலிக்காரர் தலைவலியும் வாந்தியும் என்று வந்தால், வழக்கமான தலைவலிதான் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். பார்வை மங்கல் என்று கண்ணாடிக் கடைக்குப் போனால் மைனஸ் ஐந்தில் அழகான கண்ணாடி கிடைக்கும். கண் அழுத்தம் என்று கண்டுபிடித்தாலும் அடுத்த பொறி காத்திருக்கிறது. வயதானவர்களுக்கு வரும் வழக்கமான மூலை அடைப்பில் பாவையை, அதாவது கருந்திரையின் நடுத் துளையை, சுருக்கும் பைலோகார்பின் சொட்டும் லேசரில் கருந்திரையில் போடுகிற துளையும் கைகொடுக்கும். டோபிரமேட்டால் வந்ததில் துளை பயனற்றது. பைலோகார்பின் கெடுதலையே செய்யும். இங்கே தேவை பாவையை விரிக்கும் சொட்டு, அழுத்தம் குறைக்கும் மருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக டோபிரமேட்டை நிறுத்துவது. நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் அழுத்தம் இறங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் பவரும் பழையபடி ஆகிவிடும். நாட்கணக்கில் விட்டுவிட்டால் பார்வை நரம்பு கெட்டு, நிரந்தரமாகப் பார்வை போகலாம். ஆகவே டோபிரமேட் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் திடீரென்று தூரம் மங்கினாலோ கண் வலித்தாலோ, அன்றே, இரவானாலும், கண் மருத்துவமனைக்குப் போங்கள். "புதிதாக இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பதை உள்ளே நுழைந்ததும் சொல்லுங்கள். வலிப்புக்காகச் சாப்பிடுகிறவராக இருந்தால் அன்றே நரம்பியல் மருத்துவரிடமும் பேசி மாற்று மருந்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லெவெடிரசிட்டம் போன்றவற்றை உடனேயே போதிய அளவில் தொடங்க முடியும். சோனிசமைடு என்ற வலிப்பு மருந்திலும் இதே விளைவு அரிதாக வருவதுண்டு.

இரண்டாவது விலக்கு தோலில் தொடங்கிக் கண்ணில் முடிகிறது. கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின் இவற்றில் ஒன்றைத் தொடங்கிய முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், வாயில் புண், கண் சிவந்து எரிச்சல், உடலில் தடிப்பு என்று வந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம். சாதாரண 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டு இரண்டு நாள் பார்க்கிற வேலை இதில் கூடாது. அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிர் பிழைத்த பிறகும் இந்த நோயால் பாதிக்கப்பட்ட கண் ஆயுளுக்கும் வதைக்கும். இமையின் உள்பக்கம் தழும்பாகிச் சொரசொரப்பாகும், ஒவ்வொரு இமைப்பிலும் அது கருவிழியைத் தேய்க்கும், கண்ணீர் வற்றும், கடைசியில் கருவிழி வெள்ளையாகிவிடும். உயிரைக் காக்கிற அவசரத்தில் முதல் சில நாட்கள் கண்ணை யாரும் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. அந்த நாட்களிலேயே பனிக்குடச் சவ்வை எடுத்துக் கண்மேல் போர்த்தினால் பல கண்களைக் காப்பாற்ற முடிகிறது. பிந்திய நிலையில் உதட்டின் உள்தோலை எடுத்து இமையில் ஒட்டுகிறார்கள். எல்லாம் கைவிட்ட கண்ணில், நோயாளியின் பல்லையே செதுக்கி அதில் லென்ஸ் பொருத்தி வைக்கிற அறுவை சிகிச்சை சென்னை சங்கர நேத்ராலயாவில் நடந்திருக்கிறது.

எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசெபினால் இது வரும் அபாயம் அதிகம் என்று 2004ல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்கும்முன் இரத்தத்தில் இதைப் பார்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007ல் அறிவுறுத்தியது. உங்கள் மகள் நான்கு ஆண்டாகச் சாப்பிடுவதால் அவளைப் பொறுத்தவரை இந்தக் கவலை கடந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. லாமோட்ரிஜினைப் பொறுத்தவரை, அளவை மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சாப்பிடுகிறவருக்கு இன்னும் மெதுவாக. அந்த நிதானம் இந்த நோயைத் தவிர்க்கத்தான். சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிவிடாதீர்கள்.

இப்போது உறவினர் சொன்னது. பார்வையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடிய வலிப்பு மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. விகாபட்ரின். பிரிட்டனில் 1989ல் விற்பனைக்கு வந்தது. 1997ல்தான் அதைச் சாப்பிட்டவர்களின் பார்வைப் புலம் (ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற பரப்பு) சுற்றிலும் சுருங்கியிருப்பது முதன்முதலில் வெளியிடப்பட்டது. எட்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தப் பாதிப்பின் இயல்பு. நடுப்பார்வை கெடுவதில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிப்பார்கள். ஓரங்கள் மட்டும், மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே வரும். இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல. நோயாளிக்கே தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கிறது, பக்கத்தில் வந்த ஆளைக் கவனிக்கவில்லை என்பதுதான் வெளியே தெரிகிற அடையாளம். நெடுநாள் சாப்பிட்ட பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தச் சுருக்கம் காணப்பட்டது. போனது திரும்பாது. அமெரிக்கா 2009ல் கடும் எச்சரிக்கையோடும் கட்டாயக் கண் பரிசோதனை ஏற்பாட்டோடும்தான் இதை அனுமதித்தது.

அப்படிப்பட்ட மருந்தை இன்னும் ஏன் கொடுக்கிறார்கள்? கைக்குழந்தைகளுக்காக. மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள் சில குழந்தைகளுக்கு ஒரு வகை வலிப்பு வரும். குழந்தை திடீரென்று முன்னால் குனிந்து கைகளை விரித்து மடக்கும், சில வினாடி இடைவெளியில் மறுபடி மறுபடி. பார்ப்பவர்கள் பயந்துவிட்டது என்றோ வயிற்று வலி என்றோ நினைப்பார்கள். 1841ல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்தக் குழந்தையிடம் இதைக் கண்டு, உதவி கேட்டு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தால் இது வெஸ்ட் நோய் ஆயிற்று. சலாம் போடுவதுபோல் இருப்பதால் சலாம் வலிப்பு என்றும் சொல்வார்கள். இதை விரைந்து அடக்காவிட்டால் குழந்தை கற்ற சிரிப்பையும் தலை நிற்பதையும்கூட இழந்து, மூளை வளர்ச்சியே தேங்கிவிடும். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பிறவி நோயுள்ள குழந்தைக்கு வரும் இவ்வகை வலிப்புக்கு விகாபட்ரின்தான் முதல் மருந்து. கண்ணோரம் கொஞ்சம் போகுமோ என்ற அபாயத்தை ஒரு தட்டிலும், மூளை முழுவதும் போகும் ஆபத்தை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள். இணையத்தில் "கண் போய்விடும்" என்று படித்துவிட்டுப் பெற்றோர் இந்த மருந்தைப் பாதியில் நிறுத்துவதை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது. பயம் இருந்தால் குழந்தையைக் கண் மருத்துவரிடம் கொண்டுபோய், விழித்திரையின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.ஆர்.ஜி. சோதனையைப் பற்றிக் கேளுங்கள். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பொத்தானை அழுத்திச் செய்யும் பார்வைப் புலச் சோதனைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். தொடங்கும்போது ஒரு முறையும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பார்ப்பது வழக்கம்.

ரெடிகபைன் என்று இன்னொரு மருந்து 2011ல் வந்தது. விழித்திரையில் நிறம் படிவதும் தோல் நீலமாவதும் தெரிந்து 2017ல் சந்தையைவிட்டே போய்விட்டது. நரம்பு எரிச்சலுக்குப் பெரியவர்கள் சாப்பிடும் பிரிகாபலினும் காபாபென்டினும் வலிப்பு மருந்துக் குடும்பத்தவைதான். அவற்றால் பார்வை சற்று மங்கலாம். அளவைக் குறைத்தால் தெளியும். லெவெடிரசிட்டமும் வால்ப்ரோயேட்டும் கண்ணுக்குப் பெரும்பாலும் சாது. ஆனால் அதற்காக வால்ப்ரோயேட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு, கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கும் என்பதால் அதை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மூளையின் பின்பகுதியில் எழுகிற வலிப்பே கண்ணில் தோற்றமாகத் தெரியும். வண்ண வண்ண வட்டங்கள், எப்போதும் ஒரே பக்கத்தில், சில வினாடி முதல் இரண்டொரு நிமிடம் வரை. அதைப் பக்க விளைவு என்று எண்ணி மருந்தைக் குறைத்தால் வலிப்பு கூடும். ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் தோற்றமோ மெல்லப் பரவுகிற கோணல்மாணல் கோடுகளாக, இருபது முப்பது நிமிடம் நீடிக்கும். மகளுக்கு வருவது மணிக்கணக்கில் நீடித்து, மாத்திரையை ஒட்டியே வந்து போவதால் இரண்டிலும் சேராது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் ஏழு நாளுக்கு மூன்று பத்தி போடுங்கள்: மாத்திரை விழுங்கிய மணி, இரண்டாகத் தெரியத் தொடங்கிய மணி, தெளிந்த மணி. ஒரு கண்ணை மூடிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதையும் ஓரத்தில் எழுதட்டும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவது, அடுப்படியில் தனியாக நிற்பது, கைப்பிடி இல்லாத படி இறங்குவது வேண்டாம். வாந்தி, நடையில் தள்ளாட்டம், எப்போதும் தூக்கக் கலக்கம் சேர்ந்தால் ஏழு நாள் காத்திராமல் அன்றே போங்கள். கார்பமசெபினின் இரத்த அளவைப் பார்க்கச் சொன்னால், தொல்லை இருக்கிற பதினொரு மணிக்கு ஒரு முறையும் காலை மாத்திரைக்கு முன் ஒரு முறையும் எடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் காலை மாத்திரைக்கு முன் மட்டுமே எடுப்பார்கள். அந்நேரம் மருந்து அடிமட்டத்தில் இருக்கும், அறிக்கை "சரி" என்று வரும், மகள் சொல்வதை யாரும் நம்பாமல் போய்விடுவார்கள். நோட்டையும் மாத்திரை அட்டையையும் மருத்துவரின் மேசைமேல் சேர்த்து வையுங்கள், சி.ஆருக்கு மாற்றுவதா, மூன்று வேளையாகப் பிரிப்பதா என்பதை அதைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.